மூக்கு வளைந்த அரிவாளுக்கு ஒரு தோல் உறை

தென்னந்தோப்பு வேலைக்கு நான் பயன்படுத்தும் வெட்டரிவாள், பிடி நீங்கலாக 11 அங்குல நீளமும், நடுப்பகுதியில் சுமார் 50 மி.மீ. அகலமும், முதுகில் 6 மி.மீ. கனமும் உடையது. லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொல்லுப்பட்டறையில் செய்யப்பட்ட இதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பிடியை ஒட்டிய கழுத்திலிருந்து பாதித் தூரம் நேராகச் சென்று, பிறகு உட்புறமாக வளைந்து, முன்னால் இறங்கும் மூக்கில் முடிகிறது. வெட்டிய மட்டையை இழுத்துப் போடவும், வேலியில் பின்னிக் கிடக்கும் கொடியைக் கொக்கிபோட்டு எடுக்கவும் உதவுவது இந்த மூக்குதான். உறை செய்வதில் சிக்கலை உண்டாக்குவதும் அதுவே. நேரான கத்திக்கு உறை செய்யும் முறைகள் பலருக்கும் தெரிந்தவை. மூக்கு வளைந்த அரிவாளுக்கு அவற்றில் எதுவும் அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே, நான் செய்து பயன்படுத்திவரும் தோல் உறையின் அமைப்பையும், ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இருந்த காரணத்தையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வீட்டுக்கும் தோப்புக்கும் இடையே அரிவாள் இருசக்கர வண்டியில்தான் போய்வருகிறது. கொக்கியில் மாட்டிய பையில் திறந்த வாயுடன் ஓர் அரிவாள் கிடந்தால், வண்டி சாயும் ஒரு கணத்தில் அது ஓட்டுபவரையும் பின்னால் அமர்ந்திருப்பவரையும் சேர்த்தே காயப்படுத்தக்கூடும். கிராமத்தில் பெரும்பாலோர் அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டுகிறார்கள். சணல் சாக்கு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்கிறது. உரச் சாக்காக இருந்தால் தீங்கு இன்னும் அதிகம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு. அதன் தூள் இழைகளுக்குள் தங்கி, ஈரம் பட்டதும் கரைந்து, வாயின் மீது துருப்புள்ளிகளை மிக வேகமாக எழுப்பிவிடும். வில்பட்டை எஃகில் கரிமம் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் கிடையாது என்பதால், சுற்றி வைக்கும் பொருளை அலட்சியமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. சைக்கிள் ட்யூபை நறுக்கி வாயின் மீது மாட்டுபவர்களும் உண்டு. அது வாயை மூடும். ஆனால் மூக்கின் நுனி விரைவிலேயே ரப்பரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சாலையில் கொண்டுசெல்வதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய கருவிகளை நம் நாட்டின் ஆயுத விதிகள் ஆயுதங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன; வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றை அதே விதி விலக்கியும் வைத்திருக்கிறது. தோப்பு அரிவாள் அந்த விலக்குக்குள் வருவதுதான். இருந்தாலும், உறையிட்டு வார் பூட்டி எடுத்துச் செல்லும்போது அது வேலைக்குப் போகும் கருவி என்பது பார்ப்பவர்களுக்கு உடனே புரிகிறது; யாரும் முகம் சுளிப்பதில்லை.

உறையின் அமைப்பைப் பற்றி யோசிக்கும்போது, கத்தியின் உருவத்தைக் காட்டிலும் கத்தி வெளியே வரும் பாதையையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேரான கத்தியைப் பிடியின் திசையிலேயே உருவலாம். அதன் வாய் தையலுக்கு இணையாக நகர்ந்து வெளியே வந்துவிடும். என் அரிவாளின் கழுத்து 38 மி.மீ. அகலம்தான், மூக்கு நுனியையும் சேர்த்து அளந்தால் முன்பகுதி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. உருவத்தை ஒட்டி உறையைத் தைத்தால் முன்பகுதி கழுத்துப் பகுதியைத் தாண்டி வெளியே வராது. முன்பகுதி நுழையும் அளவுக்கு அகலமான பையாகத் தைத்தால் அரிவாள் உள்ளே ஆடும். அதோடு, ஒவ்வொரு முறை உருவும்போதும் மூக்கின் நுனி அடித்தையலை நெடுக உரசிக்கொண்டே வரும். மறுகையின் விரல்கள் உறையைப் பற்றியிருக்கும் இடமும் அந்தத் தையல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், தையல் அறுந்துபோகும் நாளில் என்ன நேரும் என்பது தெளிவாகும்.

பனையேறிகள் இடுப்பின் பின்புறம் கட்டிக்கொள்ளும் அரிவாள் பெட்டி இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய, நல்ல விடை. அது விறைப்பாக, மேலே திறந்து இருக்கும். பாளை சீவும் அரிவாள் அதற்குள் தளர்வாக நிற்கும். ஒரு கை மரத்தைப் பற்றியிருக்கும்போது மறுகையால் அரிவாளை எடுக்கவும் வைக்கவும் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது. நிமிர்ந்த உடலில் கட்டப்பட்டிருப்பதால் அந்தத் தளர்வு அங்கே வசதியாகிறது. குலுங்கியும் சாய்ந்தும் போகும் வண்டியில் அதே தளர்வு ஆபத்தாகிவிடும் என்பதால், அந்த அமைப்பை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் முடிவு செய்த அமைப்பு முதுகுப்பக்கம் திறந்தது. என் அரிவாளின் முதுகு கூரற்றது. எனவே அந்தப் பக்கத்தை மூட வேண்டிய தேவை இல்லை. ஒரே தோலை நீளவாக்கில் மடித்து, மடிப்பு வாய்ப்பக்கம் வருமாறு வைத்தேன். மடிப்பு நேர்கோடாகத்தான் விழும். வாயோ உட்புறமாக வளைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பிறை வடிவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியை அதே வடிவில் வெட்டிய கனமான தோலால் நிரப்பிவிட்டால், வாய் அதன் விளிம்பின் மீது நெடுகிலும் அமர்ந்துகொள்ளும். இதைப் பிறைத்தோல் என்று குறிப்பிடுகிறேன். இந்த அமைப்பில் அரிவாள் பிடியின் திசையில் பின்னோக்கி நழுவ முடியாது. மூக்கு பிறைத்தோலின் புடைப்பில் மாட்டிக்கொண்டு தடுத்துவிடும். முன்னோக்கி நகர முடியாதபடி உறையின் முன்சுவர் தடுக்கும். மீதமிருப்பது முதுகின் திசையில் மேலே எழும்பும் வழி ஒன்றுதான். அதை இரண்டு வார்கள் பூட்டிவிடும். வாரை அவிழ்த்து அரிவாளை மட்டமாக மேலே தூக்கும்போது வாய் எதன் மீதும் உரசுவதில்லை. இருக்கையிலிருந்து அப்படியே விலகி எழுகிறது.

மாதிரியைப் பழைய தினசரி நாட்காட்டியின் அட்டையில் வெட்டினேன். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அரிவாளின் வாயையும் நுனியையும் கனமான துணி டேப்பால் இரண்டு சுற்று மூடிவிட வேண்டும். உறை செய்யும் வேலையில் அரிவாளைத் திரும்பத் திரும்பக் கையிலெடுத்து வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், இது கட்டாயம். அட்டையின் மீது அரிவாளைப் படுக்கவைத்து உருவத்தைக் கோடிட்டபின், கழுத்தில் வாய் தொடங்கும் இடத்தையும் மூக்கு நுனியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தேன். அந்தக் கோட்டிலிருந்து வாய் உள்வாங்கியிருக்கும் ஆழம், மூக்குக்கு அருகில் அதிகபட்சமாக 35 மி.மீ. வந்தது. கோட்டுக்கு வெளியே 10 மி.மீ. தள்ளி அதற்கு இணையாக மடிப்புக் கோட்டை வரைந்தேன். ஆகவே பிறைத்தோல் இரு முனைகளிலும் 10 மி.மீ. அகலத்திலும், மிக அகன்ற இடத்தில் 45 மி.மீ. அகலத்திலும் அமைகிறது. பக்கச் சுவர்களின் மேல்விளிம்பை அரிவாளின் முதுகுக்கு 5 மி.மீ. கீழே நிறுத்தினேன், முதுகு அவ்வளவு வெளியே தெரிந்தால்தான் விரல்களால் பற்றித் தூக்க முடியும். மடிப்பில் பிறைத்தோலின் கனத்துக்கும் வளைவுக்குமாக 12 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். எல்லாம் சேர்ந்து 320 மி.மீ. நீளமும் 200 மி.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டு தேவைப்பட்டது. பிறைத்தோலுக்கும் வார்களுக்குமாகச் சேர்த்து ஒன்றரைச் சதுர அடி தோல் போதுமானது.

தோலைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது குரோமியம் உப்புகளால் பதனிட்ட தோல். செருப்பின் மேல்பகுதிக்கும் கைப்பைக்கும் ஏற்ற அந்தத் தோல் மென்மையாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும். உறைக்கு வேண்டிய விறைப்பு அதில் இல்லை, நனைத்து உருவம் கொடுத்தாலும் காய்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதில் தங்கியிருக்கும் உப்புகள் இரும்புக்கும் ஆகாதவை. உறைக்கு ஏற்றது மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்பால் பதனிட்ட தோல். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோல்கள் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏராளமாக ஏற்றுமதியாயின, ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல், என்னும் பெயரிலேயே அவை அறியப்பட்டன, இன்று அந்தப் பெயர் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் பதனிடும் தொழில் வேரூன்றியிருக்கிறது. சென்னையில் பெரியமேடு தோல் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே ‘வெஜிடபிள் டான்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

கேட்டு வாங்கினாலும் சோதித்துப் பார்ப்பது நல்லது. வெட்டுமுகத்தைப் பாருங்கள்: துவர்ப்பால் பதனிட்ட தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும், குரோமியத் தோலின் நடுவே பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும். ஒரு சொட்டு நீரை விட்டால் துவர்ப்புத் தோல் அதை உறிஞ்சிக் கருமை கொள்ளும். செருப்பின் அடித்தோலாகப் பயன்படும் எருமைத் தோலில் 3.5 மி.மீ. கனமுள்ள துண்டை நான் எடுத்தேன். விலங்கின் முதுகுப் பகுதித் தோல் அடர்த்தியானது. வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்து இழுபடும் இயல்புடையது. விலை குறைவு என்பதற்காக வயிற்றுத் துண்டை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உறையின் நீளம் விலங்கின் முதுகெலும்புக்கு இணையாக வருமாறு மாதிரியை வைத்து வெட்டினால், வார்கள் இழுக்கும்போது சுவர்கள் நீளவாக்கில் இழுபடா.

இந்தத் தோலிலும் ஒரு குறை இருப்பதை வேலையைத் தொடங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கருமை உண்டாகும். கடுக்காயோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வினையால்தான். ஈரமான அரிவாளைத் துவர்ப்புத் தோலுக்குள் விட்டுவைத்தால் தோலும் கறுக்கும், எஃகும் அரிக்கப்படும். வாழை மரத்தை வெட்டிய பிறகு வாயில் படிந்திருக்கும் கறையும் இதே துவர்ப்பு வகையைச் சேர்ந்தது. ஆகவே இந்த உறை பயணத்துக்கும் வேலையிடத்துக்கும் மட்டுமே உரியது. வீட்டுக்கு வந்ததும் அரிவாளை வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டுள்ள அலமாரியில் வைத்துவிடுகிறேன். உறை தனியாகக் காற்றாடத் தொங்கும். உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருக்க விரும்புபவர்களுக்கு எந்தத் தோல் உறையும் ஏற்றதல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பிறைத்தோலை இரண்டு அடுக்காக ஒட்டி 7 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்தேன். இந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. அரிவாளின் முதுகு 6 மி.மீ.; பிறைத்தோல் அதைவிட மெலிந்திருந்தால், அரிவாளை வைக்கும்போதெல்லாம் பக்கச் சுவர்கள் மேலே விரிந்து தையலைப் பிளக்கப் பார்க்கும். சற்றே கனமாக இருந்தால் சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக நின்று, அரிவாள் தானாக இறங்கி அமரும். இரண்டு அடுக்குகளின் ஒட்டும் முகங்களையும் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை இருபுறமும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்ட பின்னரே சேர்த்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பசை உள்ளேயே சிக்கி நாள்கணக்கில் இளகிக் கிடக்கும்.

மூக்கு நுனிக்கு நேர்கீழே பிறைத்தோலின் அகலம் 10 மி.மீ. மட்டுமே. பை தரையில் விழுந்தால் அரிவாளின் எடை முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான் இறங்கும். தோலை மட்டும் அங்கே நம்புவது போதாது என்று கருதி, பிறைத்தோலுக்கும் மடிப்புக்கும் நடுவே 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு பி.வி.சி. பட்டையைப் பதித்தேன். தகரம் வைத்தால் நுனி மழுங்கிவிடும், பி.வி.சி. நுனியைக் கெடுக்காமல் தடுத்து நிறுத்தும். வேளாண் குழாயில் மிஞ்சிய துண்டைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் வைத்தால் இளகிவிடும், பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால் அடுப்புத் தீயில் காட்ட வேண்டிய தேவையே இல்லை. தீயில் கருகினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது நுரையீரலுக்கும் தீங்கு, அருகிலுள்ள எஃகுக்கும் தீங்கு. கையுறை அணிந்து, இளகிய துண்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டையாகிவிடும். நேரான கத்திக்கும் கை ரம்பத்துக்கும் முழு உறையையே இந்த முறையில் குழாயைத் தட்டையாக்கிச் செய்துகொள்ளலாம். செலவில்லாதது, மழைக்கும் அஞ்சாதது. வெயிலில் கிடந்தால் காலப்போக்கில் நொறுங்கும் இயல்பு ஒன்றுதான் அதன் குறை.

மடிப்புக்கு முன் தோலை வெதுவெதுப்பான நீரில் குமிழ் வருவது நிற்கும்வரை நனைத்தேன். சுடுநீர் கூடாது, துவர்ப்புத் தோல் சூட்டில் சுருங்கி, மீட்க முடியாதபடி விறைத்துவிடும். உட்புறத்தில் மடிப்பு விழ வேண்டிய இரண்டு கோடுகளிலும் தோலின் கனத்தில் கால்பங்கு ஆழத்துக்குப் பள்ளம் கீறிவிட்டால், வெளிப்புறம் வெடிக்காமல் மடியும். அரிவாளை எண்ணெய் பூசி, பாலித்தீன் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிறைத்தோலோடு சேர்த்து மடிப்புக்குள் வைத்து, மரச்சட்டங்களால் இருபுறமும் இறுக்கிக் கட்டி நிழலில் காயவிட்டேன். பாலித்தீன் சுற்றவில்லை என்றால் மேலே சொன்ன கருமை இந்தக் கட்டத்திலேயே தோலில் ஏறிவிடும். காய்ந்த பிறகு அவிழ்த்துப் பார்த்தபோது முதுகின் தடிப்பும் கழுத்தின் சரிவும் தோலில் அச்சாகப் பதிந்திருந்தன. இந்தப் பதிவுதான் வார் பூட்டாத நிலையிலும் அரிவாள் ஆடாமல் நிற்க உதவுகிறது.

தையல் இரண்டு வரிசைகளாகச் செல்கிறது. ஒன்று, வாய் அமரும் வளைவுக்கு 6 மி.மீ. கீழே அதே வளைவில்; மற்றொன்று, மடிப்புக்கு 5 மி.மீ. மேலே நேராக. முன்சுவரில் அடியிலிருந்து 40 மி.மீ. உயரத்துக்கு மட்டும் ஒரு சிறு வரிசை. அதற்கு மேல் மூடினால் அரிவாளை மட்டமாகத் தூக்க முடியாமல் மூக்கின் முன்வளைவு இடிக்கும். இரண்டு சுவர்களும் பிறைத்தோலும் சேர்ந்து 14 மி.மீ. கனம் வருவதால், குத்தூசியால் துளையிடுவது கைக்கும் நல்லதல்ல, துளையும் கோணும். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரை 5 மி.மீ. விரித்துப் புள்ளிகளை வரிசையாகக் குறித்துக்கொண்டு, 1.5 மி.மீ. ட்ரில் பிட்டால் செங்குத்தாகத் துளையிட்டேன். துளைகளை இணைத்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய பள்ளம் கீறிவிட்டால் நூல் அதற்குள் அமிழ்ந்துகொள்ளும். வெளியே உரசித் தேயாது.

நூல் 0.8 மி.மீ. பாலியஸ்டர், தேன்மெழுகுக் கட்டியின் மீது நன்றாக இழுத்து மெழுகேற்றியது. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தித் தைக்கும் கைத்தையலைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தால் அந்தத் தொடர் பிரியத் தொடங்கும். இரட்டை ஊசித் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது எல்லாத் துளைகளிலும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். கூரிய வாய்க்கு 6 மி.மீ. தள்ளி ஓடும் தையலுக்கு இந்தப் பாதுகாப்பு அவசியம். நூலின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது: 5 மி.மீ. முன்னேற ஒவ்வொரு முனையும் மேற்பரப்பில் 5 மி.மீ., தோலுக்குள் 14 மி.மீ. என 19 மி.மீ. செலவாகிறது. இரண்டு முனைகளுக்கும் சேர்த்து, தையல் நீளத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு நூல் வேண்டும். மெல்லிய தோலுக்குச் சொல்லப்படும் நான்கு மடங்கு இங்கே பாதியிலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், துளையிட்ட தோலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன அறிவுரை மிகவும் பயன்பட்டது. “இழுவை ரெண்டு கையிலயும் ஒண்ணா இருக்கணும் தம்பி. ஒரு கை அதிகமா இழுத்தா தையல் சாஞ்சிரும். எந்த ஊசி முதல்ல போகுதுங்கிறதையும் கடைசிவரைக்கும் மாத்தாதீங்க” என்றார். இரண்டாவது ஊசியைச் செலுத்தும்போது முதல் நூலைக் குத்திவிடாமல் இருக்க, அதைச் சற்றுப் பின்னே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தையும் அவரே காட்டிக்கொடுத்தார். ஐயா சொன்னபடி வலப்பக்க ஊசியையே எப்போதும் முதலில் செலுத்தி வந்ததால், தையல் இருபுறமும் ஒரே சாய்வில் ஒழுங்காக விழுந்தது. முடிவில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து, நூலை வெட்டி, முனையைச் சூடு காட்டி அழுத்திவிட்டேன்.

வார்கள் இரண்டு. ஒன்று கழுத்துக்கு அருகிலும், மற்றொன்று நடுப்பகுதியைத் தாண்டி மூக்குப்பக்கமாகவும் முதுகின் மேல் குறுக்கே செல்கின்றன. டிச் பட்டன் வைத்தால் விரைவாகத் திறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் குலுங்கும் வண்டியில், பைக்குள் மற்றப் பொருள்களின் அழுத்தம் பட்டால், அது தானாகவே விட்டுவிடக்கூடும். எனவே கழுத்து வாருக்குப் பித்தளைப் பக்கிளும், முன்வாருக்கு மட்டும் டிச் பட்டனும் பொருத்தினேன். கழுத்து வார் பூட்டியிருக்கும்வரை முன்வார் திறந்தாலும் அரிவாள் எழும்பாது. வார்களைத் தைக்காமல் வட்டு வைத்த செம்பு ரிவெட்டால் பிணைத்தேன். முதலில் தேயப்போவது வார்தான் என்பதால், உறையின் தையலைத் தொடாமலேயே அதை மாற்றிக்கொள்ளலாம். ரிவெட்டின் தலை உட்புறத்தில் அரிவாளைத் தொடாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். செம்பும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகுதான் அரிக்கப்படும். முன்மூலையில் மடிப்பின் ஓரமாக ஒரு சிறு துளையும் இட்டிருக்கிறேன். மழையில் நனைந்தால் நீர் அங்கே தேங்காமல் வடிந்துவிடும்.

மேற்பூச்சுக்குத் தேன்மெழுகு ஒரு பங்கும் தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கும் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் நேரடித் தீ தேவையில்லை. ஆறிக் குழம்பானதும் துணியில் தொட்டு வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகத் தேய்த்தேன். எண்ணெய் அதிகமானால் தோல் தொய்ந்துவிடும். பதிந்திருக்கும் உருவமும் கலைந்துவிடும். வெட்டு விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, வழவழப்பான மரத்துண்டால் அழுத்தித் தேய்த்ததில் அவை இறுகி மினுங்கின. அழகுக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. இறுகிய விளிம்புக்குள் நீர் எளிதில் புகாது.

டேப்பை நீக்கிய அரிவாளை வைப்பதற்கு முன்பு ஒரு சோதனை அவசியம். டேப் சுற்றிய நிலையிலேயே அரிவாளை உறையில் வைத்து, வார்களைப் பூட்டி, தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து மூக்குப்பக்கம் கீழே வருமாறு மண்தரையில் விழச்செய்தேன். உறை பிளக்கவில்லை, பி.வி.சி. பட்டை இருக்கும் இடத்தில் வெளித்தோலில் புடைப்பும் தெரியவில்லை. அதன் பின்னரே டேப்பை உரித்தேன். கூரான வாயோடு வைக்கும்போது முறை இதுதான்: உறையைத் தரையிலோ மேசையிலோ வைத்து, மறுகையால் பக்கச் சுவர்களின் பின்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மூக்கை முன்சுவரை ஒட்டி இறக்கி, வாயைப் பிறைத்தோலில் மெல்ல அமர்த்த வேண்டும். எடுக்கும்போது பிடியை மட்டும் உயர்த்தாமல், முதுகையும் சேர்த்து மட்டமாகத் தூக்க வேண்டும். பழகிவிட்டால் இதற்குத் தனிக் கவனம் தேவைப்படுவதில்லை. ஆயினும் தோப்பில் உடன் வேலை செய்பவர் கையில் முதன்முறை கொடுக்கும்போது செய்துகாட்டிய பிறகே கொடுக்கிறேன். உருவியெடுத்துப் பழகிய கை, பிடியின் திசையில் இழுக்கத்தான் பார்க்கும்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில. பிறைத்தோலின் மீது வாய் அமரும் இடத்தில் மெல்லிய வெட்டுக்கோடு ஒன்று விழும். அது இயல்பானது, வாய்க்கு அதுவே இருக்கையாகவும் அமைகிறது. அந்தக் கோடு ஆழமாகி மேல்வரிசைத் தையலுக்கு 2 மி.மீ. அருகில் வந்துவிட்டால் தையலைப் பிரித்துப் பிறைத்தோலை மாற்றிவிட வேண்டும். அரிவாளுக்கு நான் தேங்காய் எண்ணெயைப் பூசுவதில்லை. தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துடைக்கிறேன். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் அதிலுள்ள கொழுப்பமிலங்கள் பித்தளைப் பக்கிளிலும் செம்பு ரிவெட்டிலும் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. மேற்பூச்சில் அந்த எண்ணெய் இருப்பதால், உலோகப் பகுதிகளை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். மழைக்காலத்தில் உறையின் உட்புறத்தில் பூஞ்சை படர்ந்தால், ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட உலர்த்துவதே போதுமானது. வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு உறையின் உருவத்தில் மாற்றம் எதுவும் தேவையில்லை. பக்கிளின் திறப்பு மட்டும் எதிர்ப்பக்கமாக வருமாறு வாரை ரிவெட் செய்துகொள்ளலாம். முதுகிலும் கூர் தீட்டிய அரிவாள்களுக்கு மட்டும் இந்த அமைப்பைப் பயன்படுத்தக் கூடாது; வார் அங்கே முதல் நாளிலேயே அறுபடும்.